புவிவெப்ப நீரின் பிறப்பிடம்: எந்த ஐசோடோப்பை முதலில் அளப்பது?

ஒரு புவிவெப்பப் பகுதியில் ஆய்வைத் தொடங்கும் குழு, வெந்நீர் ஊற்றுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் மாதிரி எடுக்கப் புறப்படும் முன்பே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இருக்கிற பணத்தில் எந்த ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை) அளப்பது, எவற்றைத் தள்ளிவைப்பது? நீரிலேயே உள்ள ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், அதனுடன் மேலே வரும் வளிமங்களில் உள்ள ஹீலியமும் கார்பனும், வயதைச் சொல்லும் ட்ரிட்டியமும் கார்பன்-14-உம், கரைந்த உப்புகளில் உள்ள ஸ்ட்ரான்சியமும் போரானும் எனத் தேர்வுக்கு நிற்பவை பல. ஒவ்வொன்றுக்கும் மாதிரி எடுக்கும் முறை வேறு, கருவி வேறு, செலவு வேறு. இவற்றை ஒரே வேலைக்கான மாற்றுக் கருவிகளாக நினைத்து விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. நீர் எங்கிருந்து வந்தது, அதைச் சூடாக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது, அதில் கரைந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒரே கிணற்றில் அவை மூன்றுக்கும் மூன்று விடைகள் கிடைப்பது சாதாரணமாக நடப்பது. எனவே ஐசோடோப்புகளை அவை எந்தக் கேள்விக்கு விடை சொல்கின்றன என்பதைக் கொண்டே ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு ஐஸ்லாந்தைக் களமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த முறைகளில் பெரும்பாலானவை அங்கே பயன்படுத்தப்பட்டிருக்கின்றன, அவை எங்கே வழிதவறச் செய்யும் என்பதும் அங்கேதான் தெளிவாக வெளிப்பட்டிருக்கிறது.

முதலில் நீரின் சொந்த ஐசோடோப்புகள். மழைநீரில் டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18-உம் (கனமான ஆக்சிஜன்) சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதையும், உலகெங்கும் உள்ள மழை, ஆறு, பனி ஆகியவற்றின் மதிப்புகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுகின்றன என்பதையும் ஹார்மன் கிரெய்க் 1961-இல் காட்டினார். கடல்நீரைச் சுழியமாக வைத்து ஆயிரத்தில் எத்தனை பங்கு (‰) வேறுபாடு என்று அளந்தால், டியூட்டீரிய மதிப்பு ஆக்சிஜன் மதிப்பைப் போல 8 மடங்குடன் 10 கூட்டியதாக இருக்கும். அதுவரை வெந்நீர் ஊற்றுகளின் நீரில் கணிசமான பகுதி மாக்மாவிலிருந்து (நிலத்தடியில் உருகிய பாறையிலிருந்து) புதிதாகப் பிறந்தது என்று நம்பியவர்கள் பலர். இத்தாலியின் லார்டரெல்லோ, அமெரிக்காவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், யெல்லோஸ்டோன், சால்டன் கடல் போன்ற பகுதிகளின் நீரை அதே அளவீட்டில் வைத்துப் பார்த்த கிரெய்க், 1963-இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஒவ்வோர் இடத்திலும் வெந்நீரின் டியூட்டீரியம் அந்தந்த வட்டார மழையின் மதிப்பையே கொண்டிருந்தது. ஆக்சிஜன் மட்டும் கனமான பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. மாக்மா நீர் பெருமளவில் கலந்திருந்தால், எல்லா இடத்து நீரும் ஒரே பொதுவான மதிப்பை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்படிச் சாயவில்லை. பாறையில் ஆக்சிஜன் நிறைய உண்டு, ஹைட்ரஜன் மிகக் குறைவு. சூடான நீர் பாறையோடு நீண்ட காலம் உறவாடும்போது ஆக்சிஜனை மாற்றிக்கொள்கிறது. டியூட்டீரியம் பெரும்பாலும் பிறந்த ஊரின் அடையாளத்தோடேயே நிற்கிறது. சால்டன் கடல் பகுதியில் இந்த ஆக்சிஜன் நகர்வு 10‰-ஐத் தாண்டுகிறது. நியூசிலாந்தின் வைராக்கேயில் மிகச் சிறிது. நகர்வின் அளவே, எவ்வளவு நீர் எவ்வளவு பாறையைக் கழுவியிருக்கிறது, எந்த வெப்பநிலையில் கழுவியிருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பாகிறது.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு பிராகி ஆர்னசன் ஐஸ்லாந்து முழுவதற்கும் மழைநீரின் டியூட்டீரிய வரைபடம் ஒன்றை உருவாக்கி 1976-இல் வெளியிட்டார். தென்கரையில் சுமார் −50‰ ஆக இருக்கும் மதிப்பு, உள்நாட்டுப் பனிமுகடுகளை நோக்கிப் போகப் போக −100‰-ஐ நெருங்குகிறது. கடலிலிருந்து விலகும்போதும் மேலே ஏறும்போதும் மேகம் தன் கனமான மூலக்கூறுகளை முதலில் கொட்டிவிடுவதே காரணம். தாழ்நிலத்தில் ஓர் ஊற்று அங்கே பெய்யும் மழையைவிட 20‰ லேசான நீரைத் தந்தால், வரைபடத்தில் அதே மதிப்புள்ள கோட்டைத் தேடிச் சென்று, இந்த நீர் அந்த மேட்டுநிலத்தில் பெய்து, நிலத்தடியில் பல பத்துக் கிலோமீட்டர் ஓடி, இங்கே சூடாகி வெளிவருகிறது என்று கூற முடிந்தது. ஐசோடோப்பு நீரியலில் இதைவிட எளிமையும் அழகும் கொண்ட ஒரு வேலையை நான் அறியேன்.

ஆனால் இதே வரைபடம்தான் அந்த முறையின் எல்லையையும் காட்டிக்கொடுத்தது. ஐஸ்லாந்தின் சில வெந்நீர்கள், இன்று அந்நாட்டில் எங்கும் பெய்யாத அளவுக்கு லேசாக இருந்தன. அவற்றுக்குரிய மேட்டுநிலம் எதுவும் வரைபடத்தில் இல்லை. அவற்றில் பனியூழிக் காலத்தில் பெய்த நீரும் கலந்திருக்கிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கம். குளிர்ந்த காலநிலையின் மழை, உயர்ந்த இடத்தின் மழையைப் போலவே லேசாக இருக்கும். உயரமா, தொலைவா, பழைய காலநிலையா என்பதை டியூட்டீரியத்தால் மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. முன்பு தொலைதூர ஓட்டம் என்று படிக்கப்பட்ட சில ஊற்றுகளுக்கு, பழைய நீரின் கலப்பு என்ற மறுவிளக்கம் பின்னர் வந்ததற்கு இதுவே காரணம். எனவே டியூட்டீரியத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதற்குத் துணையாக குளோரைடையும், வயதைப் பற்றிய ஏதேனும் ஒரு சான்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

செலவில் நீரின் ஐசோடோப்புகளுக்குப் போட்டியே இல்லை. சில மில்லிலிட்டர் நீர் போதும். லேசர் நிறமாலைக் கருவிகள் வந்த பிறகு பல பல்கலைக்கழகங்களிலேயே ஆக்சிஜனை 0.1 அல்லது 0.2‰ வரையும், டியூட்டீரியத்தை 1‰ வரையும் துல்லியமாக அளக்க முடிகிறது. காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியை நிறைத்து இறுக மூடினால் போதும் என்பதால், மாதிரி எடுப்பதும் எளிது என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. 250 டிகிரி செல்சியஸில் ஆழத்தில் இருக்கும் நீர், மேலே ஏறி 100 டிகிரியில் கொதித்துப் பிரிந்தால், அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு நீராவியாகிவிடும். 100 டிகிரியில் நீருக்கும் ஆவிக்கும் இடையே ஆக்சிஜனில் சுமார் 5‰, டியூட்டீரியத்தில் சுமார் 28‰ வேறுபாடு உண்டு. ஒரே கட்டத்தில் பிரிந்ததாகக் கணக்கிட்டால், எஞ்சிய நீர் ஆக்சிஜனில் 1.5‰, டியூட்டீரியத்தில் 8‰ கனமாகிவிடும். டியூட்டீரியத்தில் 8‰ என்பது ஆர்னசனின் வரைபடத்தில் வேறொரு நீரேற்றப் பகுதிக்கே (மழை நிலத்துக்குள் இறங்கும் இடத்துக்கே) நம்மைக் கொண்டுபோய்விடும் அளவு, ஆக்சிஜனில் 1.5‰ என்பது பாறையோடு நடந்த பரிமாற்றமாகவே தோன்றும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது: 220 டிகிரிக்குச் சற்று மேலே டியூட்டீரியத்தின் போக்கு தலைகீழாகி, ஆவியே கனமாகிறது. ஆகவே ஆவியும் நீரும் கலந்து வரும் கிணற்றில் பிரிப்பான் வைத்து இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, பிரிந்த அழுத்தத்தையும் கிணற்றின் மொத்த வெப்ப உள்ளடக்கத்தையும் குறித்துக்கொண்டு, ஆழத்து நீரின் மதிப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஊற்றாக இருந்தால் நீர் பீறிடும் வாயிலிலேயே பிடிக்க வேண்டும். தேங்கிய குட்டையில் எடுத்த மாதிரி ஆவியாதலைத்தான் சொல்லுமே ஒழியப் பிறப்பிடத்தைச் சொல்லாது.

நீரின் ஐசோடோப்பும் குளோரைடும் நேருக்கு நேர் முரண்படும் இடம் ஒன்று உண்டு. தேர்வு செய்பவர்கள் அனைவரும் அறிய வேண்டிய இடம் அது. ஐஸ்லாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள ரெய்க்யானெஸ் புவிவெப்பப் பகுதியின் நீர், குளோரைடில் ஏறக்குறைய கடல்நீரேதான். அங்குள்ள பாசால்ட் என்ற எரிமலைப் பாறையில் குளோரின் மிகக் குறைவாகவே இருப்பதால், அந்த உப்பைப் பாறை கொடுத்திருக்க முடியாது. அப்படியானால் டியூட்டீரியமும் கடல்நீரைப் போலச் சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது சுமார் −23‰. இதை எளிய கலப்பாக எடுத்துக்கொண்டு, −50‰ மதிப்புள்ள வட்டார மழைநீரைக் கடல்நீரோடு சேர்த்துக் கணக்கிட்டால், நீரில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு மழைநீர் என்றாகும். அப்போது குளோரைடும் பாதியளவுக்குக் குறைந்திருக்க வேண்டும்; குறையவில்லை. கொதித்து ஆவி போனதால் உப்பு மீண்டும் செறிந்தது என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்குள்ள எபிடோட் என்ற, தன் அமைப்பில் ஹைட்ரஜனைக் கொண்ட கனிமத்தின் ஹைட்ரஜனை அளந்து வேறொரு வழியைக் காட்டியது. பனியூழிக் காலத்தில் அந்தப் பாறைகள் வழியே ஓடியது பனியாறுகள் உருகிய லேசான நீர். அதன் ஹைட்ரஜன் மாற்றமடைந்த கனிமங்களில் தங்கிவிட்டது. பின்னர் உள்ளே புகுந்த கடல்நீர் அந்தக் கனிமங்களோடு ஹைட்ரஜனைப் பரிமாறிக்கொண்டு இன்றைய மதிப்பை அடைந்தது. டியூட்டீரியம் பாறையால் மாறாது என்ற பொதுவிதி, நீர்க் கனிமங்கள் நிறைந்த, நீரோட்டம் குறைந்த பாறையில் தளர்ந்துபோகிறது. குளோரைடு என்ற மிக மலிவான அளவீடு உடன் இல்லாதிருந்தால், பாதி மழை பாதி கடல் என்ற தவறான முடிவே நின்றிருக்கும்.

எரிமலை வளைவுகளில் நிலைமை வேறு. தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் எல்லைகளில் உள்ள புவிவெப்ப நீர்களை ஆராய்ந்த வெர்னர் கிக்கன்பாக், அவை கிரெய்க் கண்டதுபோல் ஆக்சிஜன் மட்டும் மாறிக் கிடையாக நகராமல், டியூட்டீரியத்தில் சுமார் −20‰, ஆக்சிஜனில் சுமார் +10‰ என்ற பொதுப் புள்ளியை நோக்கிச் சாய்வதை 1992-இல் எடுத்துக்காட்டினார். அமிழும் கடல்தரையின் வண்டலிலிருந்து மாக்மாவுக்குள் போன நீரே மீண்டும் வெளிவருகிறது என்பது அவருடைய விளக்கம். ஆகவே அத்தகைய நிலங்களில் நீரின் ஐசோடோப்புகளால் மாக்மா நீரின் பங்கையே மதிப்பிட முடியும். இதற்கும் ஒரு வரம்பு உண்டு: வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் மழையின் டியூட்டீரியமே அந்தப் புள்ளிக்கு அருகில் இருப்பதால், கிடைநகர்வையும் சாய்நகர்வையும் வேறுபடுத்துவது கடினமாகிறது. குளிர்நாட்டு நூல்களில் பளிச்சென்று தெரியும் படம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் மங்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது தேர்வு ஹீலியம். இது நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. வெப்பத்தின் வேரைச் சொல்லும். ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோது மேன்டிலில் (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கில்) அடைபட்டது. ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதையும்போது மேலோட்டில் தொடர்ந்து பிறப்பது. இவற்றின் விகிதத்தைக் காற்றின் விகிதத்தோடு ஒப்பிட்டால், கண்ட மேலோட்டில் அதன் ஐம்பதில் ஒரு பங்கும், நடுக்கடல் முகடுகளில் 8 மடங்கும் கிடைக்கும். ஐஸ்லாந்தின் பல இடங்களில் இது 10 முதல் 20 மடங்கு வரை உயர்கிறது. ஆழத்து மேன்டில் அங்கே மேலெழுகிறது என்பதற்கு வலுவான சான்றுகளில் இதுவும் ஒன்று. இரு முனைகளுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி வேறெந்த ஐசோடோப்பிலும் கிடைப்பதில்லை என்பதால், மேன்டில் ஹீலியம் சில விழுக்காடு கலந்தாலும் தெரிந்துவிடும். மேற்பரப்பில் எரிமலையே இல்லாத நிலங்களில்தான் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். அமெரிக்காவின் மேற்கில் விரிவடைந்துவரும் வறண்ட பள்ளத்தாக்குகளில், மாக்மா இல்லாத இடங்களிலும் மேன்டில் ஹீலியம் மேலே வருவதை 2007-இல் கென்னடியும் வான் சூஸ்ட்டும் காட்டினர். அங்குள்ள நிலப்பிளவுகள் மிக ஆழம் வரை திறந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். துளையிடும் இடத்தைத் தேடுபவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி குறைவு.

ஹீலியத்துக்கான மாதிரியைச் சாதாரணக் குப்பியில் எடுக்க முடியாது. பிளாஸ்டிக்கைத் தாண்டி அது உடனே கசியும். கண்ணாடி வழியாகவும் மெல்ல ஊடுருவும். செம்புக்குழாயில் நீரையோ வளிமத்தையோ ஓடவிட்டு, குழாயின் இரு முனைகளையும் எஃகுக் கவ்விகளால் நசுக்கி அடைப்பதே நிலைத்துவிட்ட முறை. கூடவே நியானையும் அளக்க வேண்டும். நியான் ஏறக்குறைய முழுவதும் காற்றிலிருந்து வருவதால், மாதிரியில் எவ்வளவு காற்று கலந்தது என்பதை அது காட்டும், அதைக் கழித்த பிறகுதான் விகிதத்தை நம்பலாம். செலவு நீரின் ஐசோடோப்புகளைவிடப் பல மடங்கு. செய்யும் ஆய்வகங்களும் சிலவே. ஆயினும் ஒரு பகுதிக்கு மூன்று நான்கு நல்ல மாதிரிகள் போதும் என்பதால், மொத்தச் செலவு அச்சுறுத்துவதாக இராது.

மழைநீர், மாக்மா நீர் என்று இரண்டு பெட்டிகளைத் தயாராக வைத்துக்கொண்டு முடிவுகளைப் பங்கிட நினைப்பவர்களுக்கு, ஐஸ்லாந்தின் கிராப்லா எரிமலைப் பகுதியில் 2009-இல் நடந்தது ஓர் எச்சரிக்கை. அங்கே ஆழ்துளையிடும் திட்டத்தின் முதல் கிணறு, சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் எதிர்பாராமல் ரையோலைட் என்ற சிலிக்கா மிகுந்த மாக்மாவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. மேலே வந்த கண்ணாடித் துணுக்குகளை அளந்தபோது அவற்றின் டியூட்டீரியம் சுமார் −121‰ ஆக இருந்தது. மேன்டிலில் பிறந்த மாக்மாவுக்கு எதிர்பார்க்கும் மதிப்பைவிட இது மிக லேசானது. முன்பு மழைநீரால் மாற்றமடைந்த பாசால்ட் மறுபடி உருகியதால் அந்த மாக்மா உண்டானது என்று ஆய்வாளர்கள் விளக்கினர். மாக்மாவே மழையின் முத்திரையைச் சுமந்திருந்தது! அத்தகைய இடத்தில் டியூட்டீரியத்தை மட்டும் பார்த்து மாக்மா நீரின் பங்கு இல்லை என்று எழுதுவது தவறாகிவிடும். ஹீலியத்திடம் அந்தக் குழப்பம் இல்லை.

கார்பன்-13 தனித்து நிற்க வலுவற்ற தேர்வு. மேன்டிலின் கார்பன் டை ஆக்சைடு சுமார் −5‰. கடல் சுண்ணாம்பு சுழியத்தை ஒட்டி. உயிர்ப்பொருள் சுமார் −25‰. சுண்ணாம்பு நான்கு பங்கும் உயிர்ப்பொருள் ஒரு பங்கும் கலந்தாலே −5‰ வந்துவிடும். எண்ணைப் பார்த்து மேன்டில் என்று அறிவிக்க முடியாது. ஹீலியமும் அளக்கப்பட்டிருந்தால் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஹீலியம்-3-க்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு இந்த மயக்கத்தைத் தீர்க்கலாம்; மேன்டிலில் அது 200 கோடிக்கு ஒன்று என்ற அளவில் இருக்க, சுண்ணாம்பில் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. எனவே கார்பன்-13-ஐ ஹீலியத்தின் துணையாக மட்டுமே வாங்க வேண்டும்.

வயதுக்கு வருவோம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டி மழையில் உச்சத்தை எட்டிய அது, இப்போது பெரும்பாலும் இயற்கை அளவுக்கே இறங்கிவிட்டது. அதனால் துல்லியமான வயதை அதனிடம் கேட்கக் கூடாது. உண்டா இல்லையா என்று மட்டும் கேட்க வேண்டும். ஆழத்து நீரில் ட்ரிட்டியம் இருந்தால் அண்மைக்கால நிலத்தடி நீர் எங்கோ கலக்கிறது என்று பொருள். கலப்பில்லாத மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கவும், கிணற்றின் உறை கசிகிறதா என்று அறியவும் அந்த ஒரு சொல் போதும். கார்பன்-14-ஐ நான் புவிவெப்ப நீருக்கு முதல் சுற்றில் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு என்பது ஆசைகாட்டும். ஆனால் மாக்மாவிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் வரும் கார்பனில் கார்பன்-14 அறவே இல்லை. அது கலக்கக் கலக்க, நேற்றைய நீரும் பல்லாயிரம் ஆண்டுப் பழைமை கொண்டதாகத் தோன்றும். ஐஸ்லாந்தில் பாறையிலிருந்து கரைந்த கார்பனின் பங்கைப் போரானைக் கொண்டு மதிப்பிட்டுத் திருத்திப் பார்த்திருக்கிறார்கள். மேன்டில் வளிமம் குறைந்த தாழ்வெப்ப நீருக்கு அது பொருந்தலாம்; வளிமம் கொப்பளிக்கும் உயர்வெப்பப் பகுதிக்கு அந்தத் திருத்தமே வயதைவிடப் பெரிதாகிவிடும். 2.3 லட்சம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட கிரிப்டான்-81 வேதிவினைகளில் சிக்காத நல்ல கடிகாரம். யெல்லோஸ்டோனில் அதை அளந்திருக்கிறார்கள். ஆனால் அதைச் செய்யும் ஆய்வகங்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஸ்ட்ரான்சியம், போரான், லித்தியம் ஆகியவை நீர் எந்தப் பாறையைத் தொட்டது என்பதைச் சொல்பவை. ரெய்க்யானெஸ் நீரில் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் ஸ்ட்ரான்சியம்-86-க்கும் உள்ள விகிதம், கடல்நீரின் 0.7092-ஐ விட்டுக் கீழிறங்கிப் பாசால்ட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கடலிலிருந்து வந்த நீர் பாறையோடு எவ்வளவு ஆழ்ந்து வினைபுரிந்தது என்பதற்கு அது சான்று. பழைய கிரானைட்டும் இளம் எரிமலைப் பாறையும் அடுத்தடுத்து இருக்கும் நிலத்தில் இவை மிகவும் உதவும். ஒரே வகைப் பாறை பரவிய நிலத்தில் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆக, இன்னும் கிணறு தோண்டாத புதிய பகுதிக்கு என் தேர்வு இது: எல்லா ஊற்றுகளிலும் ஆக்சிஜன், டியூட்டீரியம், குளோரைடு; வளிமம் வலுவாக வரும் சில வாயில்களில் மட்டும் நியானோடு ஹீலியம்; அதே இடங்களில் கார்பன்-13; சந்தேகமுள்ள மாதிரிகளில் ட்ரிட்டியம். இவற்றுக்கு ஈடான பணத்தை வட்டார மழைக்கும், வெவ்வேறு உயரங்களில் உள்ள குளிர்ந்த ஊற்றுகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆர்னசனின் வெந்நீர் அளவுகளுக்குப் பொருள் கொடுத்ததே அவருடைய மழை வரைபடம்தான். உலக மழைக் கோட்டை மட்டும் நம்பி, வட்டாரக் கோடு இல்லாமல் எழுதப்படும் அறிக்கைகளில் 2‰ ஆக்சிஜன் நகர்வு உண்மையானதா இல்லையா என்பதையே தீர்மானிக்க முடிவதில்லை.

மின் உற்பத்தி தொடங்கிவிட்ட பகுதியில் கேள்வி மாறுகிறது. பிறப்பிடத்தைவிட, திருப்பி உட்செலுத்திய நீர் எங்கே போகிறது என்பதே அங்கே முதன்மையானது. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் பகுதியில் 1980-களின் இறுதியில் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பின், 1997 முதலும் 2003 முதலும் இரண்டு குழாய்த்திட்டங்கள் வழியே சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவந்து நிலத்தடியில் செலுத்துகிறார்கள். இதனுடன், குளிர்விப்புக் கோபுரங்களில் ஒரு பகுதி ஆவியான பின் மீந்து உட்செலுத்தப்படும் நீர், ஆழத்து ஆவியைவிடக் கனமான ஐசோடோப்பு அடையாளம் கொண்டது. எனவே ஒரு கிணற்றின் ஆவி காலப்போக்கில் கனமாகிவந்தால் செலுத்திய நீர் அங்கே திரும்பி வருகிறது என்று அறியலாம். தனியாக எந்தச் சுவடுகாண் பொருளையும் கலக்கத் தேவையில்லை. இந்த வேலைக்கு ஹீலியம் வேண்டாம், கார்பன் வேண்டாம்; ஒவ்வொரு கிணற்றிலும் டியூட்டீரியத்தையும் ஆக்சிஜனையும் இடைவிடாமல் அளந்து வந்தால் போதும். ஒரே நிபந்தனை, உட்செலுத்தும் முதல் நாளுக்கு முன்பே எல்லாக் கிணறுகளின் தொடக்க மதிப்புகளும் பதிவாகியிருக்க வேண்டும். செலுத்தத் தொடங்கிய பின் அந்த மதிப்புகளை எந்த ஆய்வகத்தாலும் மீட்டுத் தர இயலாது.